வெங்காயம் மண்ணிலே, சங்கிலி வங்கியிலே

எங்கள் வீட்டில் வெங்காயம் நடுகிற காலத்தில் அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடக்கும். வெங்காயம் கிண்டி, பிடி கட்டி, கொட்டில் வளையில் தூக்கி, பாதியைச் சுன்னாகம் சந்தையில் விற்ற பிறகுதான் தாலிக்கொடியும் இரட்டைப்பட்டுச் சங்கிலியும் வீட்டுக்குத் திரும்பும். கலியாண வீடு நடுகைக் காலத்தில் வந்துவிட்டால் அம்மா போகமாட்டா. "தலையிடி" என்று சொல்லி அனுப்பிவிடுவா. ஊரில் பாதிப் பெண்களுக்கு அந்த மாதம் தலையிடி வரும். ஒருவரும் காரணம் கேட்பதில்லை.

நான் பிறந்தது 1957இல், ஊரெழுவில். ஐயாவுக்குப் பத்துப் பரப்புச் செம்மண் தோட்டம். அதில் நாலு பரப்பு ஒற்றிக்கு எடுத்தது. என் நினைவில் முதலில் நகை போன இடம் வங்கி இல்லை, மூன்று வீடு தள்ளியிருந்த ஒரு பெரியவரின் இரும்புப் பெட்டி. எழுத்துக் கிடையாது, சீட்டுக் கிடையாது. வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபா. தவறினால் மூன்று. ஐயா அவர் வீட்டுப் படலையைத் திறக்கும்போது தோளில் கிடக்கும் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டுவார். எனக்கு அது அந்த வயதிலேயே பிடிக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் மக்கள் வங்கியில் நகை அடைவு வைக்கலாம் என்ற செய்தி தோட்டக்காரரிடையே பரவியது. ஒருநாள் ஐயா என்னையும் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனார். வெள்ளை மேற்சட்டை போட்ட ஒருவர் நகையை உரைகல்லில் உரசி, நிறுத்து, ஒரு சிறு கடதாசி உறையில் போட்டு, ஐயாவின் பெயரை எழுதி ஒட்டினார். கையில் ஒரு பற்றுச்சீட்டு. அதில் தங்கத்தின் நிறை, வட்டி, கெடு எல்லாம் தமிழில் எழுதியிருந்தது. திரும்பும் வழியில் ஐயா இரண்டு முறை சைக்கிளை நிறுத்தி அந்தச் சீட்டைப் படித்துப் பார்த்தார். சால்வை தோளிலேயே கிடந்தது.

அந்தச் சால்வையைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். ஒரு நாடு ஏன் தனக்கென்று ஒரு வங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை அதுதான்.

பின்னாளில் ஆசிரியனான பிறகு அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் கொழும்புக் கோட்டையில் இருந்த ஆங்கிலேய வங்கிகள் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏற்றுமதிக் கொம்பனிகளுக்கும் கடன் கொடுத்தன. நம்மவர் ஒருவர் போனால், வங்கியின் சிறாப்பர், அதாவது கடன் கேட்பவருக்குப் பொறுப்பு நிற்கும் இடைத்தரகர், பிணை நின்றால்தான் பேச்சே. அந்தச் சிறாப்பர் மூலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வங்கியில் பணம் எடுத்து, அதைக் கூடிய வட்டிக்கு உள்ளூர் வியாபாரிகளுக்குக் கொடுத்தார்கள். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் செட்டியார்களும் கையைச் சுருக்கிக்கொள்ள, உள்ளூர்க்காரனுக்குக் கடன் பெற வழியே இல்லாமற் போனது. 1934இல் பம்பாயிலிருந்து வந்த சேர் சொராப்ஜி பொச்கன்வாலா தலைமையில் ஒரு வங்கி ஆணைக்குழு இந்த நிலையை விசாரித்தது. அரசின் துணையோடு சொந்த நாட்டு வங்கி ஒன்று வேண்டும் என்றது அதன் அறிக்கை. 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆளுநர் அன்ட்ரூ கல்டிகொட் இலங்கை வங்கியைத் திறந்து வைத்தார். ஒரு மாதத்தில் உலகப்போர் மூண்டது. அப்படியிருந்தும் 1941இல் கண்டியில் கிளை வந்தது, அதையடுத்துக் காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை. 1949இல் இலண்டனிலேயே ஒரு கிளை. நம்மை ஆண்டவரின் தலைநகரில் நம் வங்கியின் பெயர்ப்பலகை தொங்கியது என்று அந்தக் காலத்து ஆசிரியர்கள் வகுப்பில் பெருமையாகச் சொல்வார்கள்.

1961இல் அரசு இலங்கை வங்கியை முழுதாகத் தன் கையில் எடுத்தது. அதே ஆண்டு யூலை 1ஆம் திகதி, கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கிராமத்துக் கடனுக்கும் என்று மக்கள் வங்கி பிறந்தது. இலங்கையர் வெளிநாட்டு வங்கிகளில் புதிதாகக் கணக்குத் திறக்க முடியாது என்ற சட்டமும் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்துச் சங்கக்கடைகளோடு சேர்ந்து கூட்டுறவு கிராமிய வங்கிகளும் தொடங்கின. அரசியலில் யார் எதை நினைத்துச் செய்தார்கள் என்பது வேறு விசயம். எங்களுக்கு அதன் பொருள் இதுதான்: சிறாப்பரின் பிணை இல்லாமல் ஐயாவுக்கு ஒரு பற்றுச்சீட்டுக் கிடைத்தது.

ஐயா அடைவோடு நிற்கவில்லை. அவருக்கு ஒரு இறைப்பு மெசின் மேல் ஆசை. அதுவரை எங்கள் கிணற்றில் துலாதான். பெரியண்ணை துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஐயா பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற, அம்மா பாத்தி கட்டித் தண்ணீர் மாறுவா. விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறும் வரைக்கும். துலா மிதிப்பவர் பாடிக்கொண்டே எண்ணுவார், அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். ஒருமுறை துலாவிலிருந்து வழுக்கி விழுந்த அயலவர் ஒருவர் பிறகு எழும்பி நடக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஐயாவின் ஆசை பிடிவாதமாக மாறியது.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இலங்கை வங்கிக்குப் போனோம். வாசலில் ஒரு பித்தளை ரோக்கன் தந்தார்கள். வாங்கில் இருந்தோம். இரண்டு மணித்தியாலம், மூன்று மணித்தியாலம். விசிறி சுற்றும் சத்தமும், பெரிய பேரேட்டுப் புத்தகங்களை லிகிதர்கள் புரட்டும் சத்தமும். பிறகு முகாமையாளர் உள்ளே கூப்பிட்டார். அவர் கேட்ட கேள்விகள் இன்றும் நினைவில் உள்ளன. "கிணறு எத்தனை முழம்? மாசியில தண்ணி எவ்வளவு நிக்கும்? போன முறை எத்தனை அந்தர் கிண்டினனீங்கள்? ஆர் வாங்கிறது?" ஐயா ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், அந்த அறையில் ஒரு பரீட்சையில் சித்தியடைந்தார். பாடம் அவருடைய பாடம்.

அடுத்த கிழமை அந்த முகாமையாளர் தோட்டத்துக்கே வந்தார். செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. கடன் கிடைத்தது. மெசின் வந்த நாளில் பெரியண்ணை துலாவைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு அவன் க.பொ.த. படித்து எழுதுவினைஞன் ஆனான். விடியக்காலை அவனுக்குப் படிக்க நேரம் கிடைத்தது அந்த மெசினால்தான்.

அந்தக் காலம் முழுக்க நல்லது என்று நான் சொல்லவரவில்லை. 1970 ஒக்டோபரில் நிதி அமைச்சர் என்.எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாத் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, ஆச்சி கொட்டப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த நூறு ரூபாத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அழுதா. கெடு சில நாள்தான். வங்கி வாசலில் நின்ற வரிசையில் வாழ்க்கையில் முதன்முறை வங்கிக்கு வந்த கிழவிகள் ஏராளம். கொடுத்த காசு திரும்பக் கிடைக்குமா என்ற பயத்தில் ஆச்சி இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. 1972இல் வங்கி ஊழியர் வேலைநிறுத்தம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தபோது, சந்தையில் காசோலை வாங்கிய வியாபாரிகள் தவித்தார்கள். மூன்று மணித்தியாலம் வாங்கில் காத்திருந்த தோட்டக்காரனுக்கு அன்றைய கூலி போனது என்பதும் உண்மை.

ஆனாலும் எழுபதுகளின் முற்பகுதி எங்கள் தோட்டங்களுக்குப் பொற்காலம். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றது. யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய்க்கு கொழும்பு காத்துக் கிடந்தது. கல்வீடுகள் எழும்பின. 1973இல் இலங்கை வங்கி விவசாய சேவை நிலையங்களில் சின்னச் சின்ன உபகிளைகளைத் திறந்தது. உரம் வாங்கப் போகிற இடத்திலேயே வங்கி. பட்டினத்துக்குச் சைக்கிள் மிதிக்கத் தேவையில்லை, வேட்டியைத் தோய்த்துக் கட்டத் தேவையில்லை, மண் ஒட்டிய காலோடு போகலாம். என்னைக் கேட்டால், அந்த வங்கியின் வளர்ச்சியில் கொழும்பில் எழுந்த உயரமான கோபுரத்தைவிட அந்தச் சின்ன அறைகள்தான் பெரிய கட்டடங்கள்.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மிளகாய் விலை சரிந்தது. நாட்டின் பல பகுதிகளில் பயிர்க்கடன்கள் திரும்பாமற் போயின. வங்கிகள் தோட்டக்காரனைப் பார்க்கிற பார்வை மாறியது. அதில் வங்கிகளின் பக்கத்து நியாயமும் உண்டு. அது மற்றவர்கள் போட்டுவைத்த காசு, ஆச்சியின் காசும் அதில்தான் கிடந்தது.

பிறகு துவக்குகளின் காலம். 1981 மார்ச் 25ஆம் திகதி, எங்கள் ஊருக்குப் பக்கத்து நீர்வேலியில், மக்கள் வங்கியின் பணம் கொண்டுவந்த வாகனம் மறிக்கப்பட்டது. ஏறத்தாழ 80 இலட்சம் ரூபா பறிபோனது. காவலுக்கு வந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வங்கி வாசல்களில் மணல் மூட்டைகள் வந்தன. வாங்கில் இருந்து கதைத்தபடி காத்திருந்த காலம் போய், காரியத்தை முடித்துக்கொண்டு விரைந்து வெளியேறும் காலம் வந்தது.

1990இல் மீண்டும் போர். மின்சாரம் போனது, தொலைபேசி போனது, மண்ணெண்ணெய் தங்கமானது. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு. நான் அப்போது ஆசிரியன். ஊரை ஆண்டவர்கள் ஒரு தரப்பு, எனக்குச் சம்பளம் அனுப்பியவர்கள் இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் ஆனையிறவில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த மாதங்களிலும், ஆசிரியருக்கும் தாதிக்கும் ஓய்வூதியக்காரருக்கும் உரிய காசு அரச வங்கிகள் வழியாக வந்தது. பிந்தி வந்தது, வரிசையில் நின்று வாங்கினோம், ஆனால் வந்தது. கையில் கிடைத்த தாள்கள் கந்தலாகி, முதுகில் ஒட்டுப்போட்டு, எண் தெரியாமல் அழுக்கேறிக் கிடந்தன. புதுத்தாள் ஒன்றைக் கண்டால் பிள்ளைகள் மணந்து பார்க்கும். வங்கியில் லிகிதர்கள் யன்னலோரமாக மேசையை இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் கையால் வட்டி கணக்கிட்டார்கள். விமானச் சத்தம் கேட்டால் பேரேட்டை மூடிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். சத்தம் அடங்கியதும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கூட்டுவார்கள். நான் கணிதம் படிப்பித்தவன். அவர்களின் கூட்டல் பிழைத்ததை நான் பார்க்கவில்லை. அவர்களில் எவருக்கும் ஒரு நினைவுப் பலகை இல்லை.

1995 ஒக்டோபர் 30. போர் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஆளோடு ஆள் நெருங்கி, காலடி காலடியாக. அம்மா சீலைத் துண்டில் சுற்றி மார்போடு கட்டியிருந்த பையில் மூன்று பொருள்கள் இருந்தன: காணி உறுதி, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், இலங்கை வங்கிச் சேமிப்புப் புத்தகம். ஐயா அப்போது இல்லை. நகைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே விற்றாகிவிட்டது.

1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு நிலைகளைக் கழற்றியிருந்தார்கள். துலா மரமும் போய்விட்டது, மெசினும் போய்விட்டது. அம்மா சேமிப்புப் புத்தகத்தோடு வங்கிக்குப் போனா. நான் பேசாமல் பின்னால் போனேன். பட்டினத்தில் பாதி இடிந்து கிடந்தது, பேரேடு மட்டும் எப்படித் தப்பும் என்றுதான் நினைத்தேன். லிகிதர் புத்தகத்தை வாங்கி, உள்ளே போய், நெடுநேரம் கழித்து வந்து, இடைப்பட்ட காலத்து வட்டியையும் சேர்த்து எழுதித் தந்தார். அம்மா தொகையைப் பார்க்கவில்லை. "எங்கட பேர் இருக்குதா தம்பி?" என்றுதான் கேட்டா. "இருக்கு அம்மா" என்றார் அவர். வீட்டைவிட நிலையாக நின்ற பொருள் ஒரு பேரேட்டின் ஒரு வரி. இது என் கண்ணால் கண்டது.

இப்போது ஆஸ்பத்திரி வீதியில் நடந்து பாருங்கள். 2009க்குப் பிறகு வந்த தனியார் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தோளோடு தோள் நிற்கின்றன. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, பளிங்குத் தரை. பித்தளை ரோக்கன் இல்லை, இயந்திரம் கடதாசியில் எண் தருகிறது. ஐயா மூன்று மணித்தியாலம் காத்திருந்து எடுத்த காசை நான் ஏ.ரி.எம்.மில் அரை நிமிடத்தில் எடுக்கிறேன். கனடாவில் இருக்கும் மருமகன் அனுப்பும் காசு கைத்தொலைபேசியில் ஒரு மணி ஒலியாக வருகிறது. முன்பு மலாயாவிலிருந்து மணியோடர் வந்தால் தபாற்காரரை ஊரே பார்த்திருக்கும். போர்க்காலத்தில் உண்டியல்காரர் இருட்டில் வந்து எண்ணித் தருவார். 2022இல் டொலர் விலையை அரசு 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தபோது உண்டியலுக்கு மறுபடியும் உயிர் வந்தது. மார்ச்சில் பிடியை விட்டதும் சில கிழமைகளில் அது 360ஐத் தொட்டது. ஏப்ரலில் நாடே கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்தப் பதற்றத்திலும் எங்கள் ஊர்க் கிழவர்கள் வைப்புப் பணத்தை அரச வங்கியிலிருந்து எடுக்கவில்லை. 1996இல் கண்டதை அவர்கள் மறக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் என்னைக் கதிரையில் இருத்தி எழுத வைத்தது.

எங்கள் பழைய தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஆறு பரப்புக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நடுகிறா. போரில் கணவனை இழந்தவ. இரண்டு பிள்ளைகள். மண்ணை அவவைவிட நன்றாக அறிந்தவர் இன்று அந்தச் சுற்றாடலில் இல்லை. வெங்காய விதைக்கும் உரத்துக்கும் இரண்டு இலட்சம் ரூபா கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனா. எந்த வங்கி, எந்தக் கிளை என்பது இங்கே தேவையில்லை. நிரந்தர வேலையில் உள்ள இரண்டு அரச ஊழியர் பிணை, அவர்களின் சம்பளப் பத்திரம், கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை, காணி உறுதி எல்லாம் கேட்டார்கள். குத்தகைக்காரிக்கு உறுதி ஏது? அவவின் சொந்தத்தில் அரச ஊழியர் எவரும் இல்லை. கிணற்றைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. போன முறை எத்தனை அந்தர் என்றும் கேட்கவில்லை. ஒரு முச்சக்கர வண்டி வாங்குவதாக இருந்தால் லீசிங் சுலபமாகக் கிடைக்கும் என்று மட்டும் ஒருவர் சொன்னாராம்.

அவ நுண்கடனுக்குப் போனா. ஐந்து பெண்கள் சேர்ந்த குழு, கிழமைக்கு ஒருமுறை கட்டவேண்டும். வெங்காயம் கிழமைக்குக் கிழமை காய்க்காது. அதை அந்தக் கணக்குப் போட்டவர்கள் அறியவில்லை. முதல் கடனைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. வடக்கில் இப்படி விழுந்த பெண்கள் எத்தனையோ பேர். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. பிறகு வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று ஒரு வரம்பும் போட்டார்கள். வரம்பே அவ்வளவு.

கடைசியில் அவவும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு அடைவு வைக்கப் போனா. அங்கே பிணை கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் காசு கிடைத்தது. தங்கத்தை நம்பினார்கள். இப்போது கலியாண வீடுகளுக்கு அவவும் போவதில்லை.

1934இல் ஆணைக்குழுவின் முன் நம்மவர்கள் சொன்ன குறை, சிறாப்பரின் பிணை இல்லாமல் வெள்ளைக்காரன் வங்கி கடன் தராது என்பது. அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்த வங்கிகளின் நாட்டில், அதே வாசலில், சிறாப்பரின் இடத்தில் இன்று இரண்டு அரச ஊழியர்கள் நிற்கிறார்கள். தொண்ணூறு ஆண்டுகளில் கட்டடம் மாறியது, கணக்குப் புத்தகம் கணினியானது, இந்த ஒரு வாசல் மட்டும் சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்கிறது. இது எனக்கு வலிக்கிறது. அந்த வங்கிகள் எங்களுடையவை என்பதால் வலிக்கிறது. பதுங்குகுழிக்கும் பேரேட்டுக்கும் இடையே ஓடிய மனிதர்கள் காத்துத் தந்த நிறுவனங்கள் அவை.

வாராக்கடன் பயம் எனக்கு விளங்குகிறது. கணக்கு வாத்தியாருக்கு அது விளங்காமல் போகாது. ஆனால் ஐயாவுக்கு மெசின் கடன் கொடுத்த முகாமையாளரும் பயப்படாமல் கொடுக்கவில்லை. பயம் தெளிய அவர் தோட்டத்துக்கு வந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். ஐயா கடைசித் தவணையை ஒரு மாதம் முந்திக் கட்டினார்.

யாழ்ப்பாணத்து அரச வங்கிக் கிளைகளில் இருக்கும் முகாமையாளர்களுக்கு, அவர்களில் என்னிடம் படித்தவர்களும் சிலர் உண்டு, ஒன்று கேட்கிறேன். மாரிமழை ஓய்ந்ததும் நடுகை தொடங்கும். அதற்கு முன் ஒரு காலைப்பொழுது ஊரெழுவுக்கு வாருங்கள். செருப்பை வரம்பில் கழற்றி வையுங்கள். அந்தப் பெண்ணின் கிணற்றைப் பாருங்கள், போன முறை எத்தனை அந்தர் என்று கேளுங்கள். வழி காட்ட நான் சந்தியில் நிற்பேன்.